விரல் உயர மின்கம்பங்கள்

பொம்மை ரயில் ஓடும் பலகைக்குக் கரண்டுக் கம்பம் செய்து கொடுப்பவன் நான். கம்பம் இருந்தால் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை, இல்லாவிட்டால் மட்டும் 'என்னமோ குறையுதே' என்பார்கள். பகலில் கப்பலூரில் பிளாஸ்டிக் பட்டறை வேலை, சாயங்காலம் பழங்காநத்தத்து வீட்டில் பூதக்கண்ணாடியோடு இந்த வேலை. நுணுக்கு வேலை பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட சக ஜீவன்களே, மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

அட்டென்ஷன்

வில்லாபுரம் சுந்தரம் அண்ணன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர். கை நடுக்கம் வந்து, ஒரு கையெழுத்துப் போல இன்னொன்று விழாமல் போனதும் வேலையை விட்டுவிட்டார். நடுக்கம் போகப் போகக் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி அறை முழுக்க அவர் பலகை. அதில் ஒரு சின்ன ஸ்டேஷன், கண்மாய், கருவேலங்காடு, ரயில், எல்லாம் அவரே செய்தது. பாக்கி இருந்தது தண்டவாளத்தை ஒட்டிப் போகும் மின்கம்பங்களும் கம்பிகளும்தான். கை ஓய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

சிமென்ட் கம்பத்தின் நிறம், அடியில் செம்மண் கறை, உச்சியில் கம்பி கட்டும் பீங்கானுக்கு வெள்ளைப் பாசிமணி என்று பார்த்துப் பார்த்துச் செய்து, மட்டம் வைத்து நட்டேன். மனுஷன் பாராட்டுவார் என்று நின்றேன். அவர் குனிந்து, வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"தம்பி, நம்ம பக்கம் எந்தப் போஸ்ட்டு இம்புட்டு அட்டென்ஷன்ல நிக்குது? ரெண்டு மூணையாவது சாய்ச்சு விடுங்க."

கண்ணீர் அஞ்சலி

சாய்த்தேன். ஆடு மாடு உரசாமல் இருக்க முள்கம்பி சுற்றினேன். நம்பர் எழுதினேன். அப்போதும் கம்பம் வெறிச்சென்று இருந்தது. வண்டியில் போகும்போது மதுரைக் கம்பங்களை உற்றுப் பார்த்ததில் காரணம் புரிந்தது: போஸ்டர். பூப்பு நீராட்டு ஒன்று, காதணி விழா ஒன்று, கண்ணீர் அஞ்சலி ஒன்று அச்சடித்தேன். அஞ்சலிக்கு ஒரு முகம் வேண்டுமே! வேறு யார் படத்தைப் போட்டாலும் வம்பு என்று என் பாஸ்போர்ட் போட்டோவையே அரிசி அளவுக்குச் சுருக்கிப் போட்டேன். அன்றைக்கு என் வீட்டில் விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

ஒட்டிக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்தார் அண்ணனின் மனைவி சாந்தி அக்கா. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தவர் முகம் செத்துப்போனது. நகத்தால் அந்த அஞ்சலிப் போஸ்டரைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த வீட்டில் எதை ஒட்டுகிறோம் என்று யோசிக்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணன்தான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையும் ஆடியது, பிடிபட்ட கையும் ஆடியது.

"விடு சாந்தி. மதுரையில போஸ்ட்டு இருந்து அஞ்சலி இல்லேன்னா எவன் நம்புவான்?"

யார் லைன்

கம்பிக்கு, எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த மெல்லிய செம்புக் கம்பியைக் கொடுத்திருந்தேன். அதை ஒவ்வொரு பாசிமணியிலும் சுற்ற வேண்டும். அண்ணன் என் முன்னால் ஒரு முறை முயன்றார். விரல் துள்ளியது, கம்பி இழுத்தது, நாலு கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து ஸ்டேஷன் கூரையில் விழுந்தன. அவர் கூரையைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஊரான் கையைப் பார்ப்பது போல.

"நான் மாட்டித் தாரேன் அண்ணே, ஒரு மணி நேர வேலை" என்றேன். அவர் அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"நீங்க மாட்டுனா அது ஒங்க லைனு தம்பி. வீட்டுக்குப் போங்க."

கடைசிக் கம்பி

கோபத்தோடுதான் வந்தேன். கோபம் தணிந்ததும் வெட்கம் வந்தது. குறை அவர் கையில் இல்லை, ஆடாத கைக்காக நான் செய்த கம்பத்தில் இருந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் அடியில் பித்தளைக் குழாய் பதித்தேன். தட்டினால் கழன்று வரும், திரும்பச் செருகலாம். பாசிமணிக்குப் பதில் பிளவுள்ள கொக்கி. கம்பிக்குப் பதில், கையில் போடும் மணிவளையல் கோக்கிற எலாஸ்டிக் நூலைக் கறுப்பாக்கினேன். எம்புட்டு இழுத்தாலும் கம்பம் சாயாது.

அண்ணன் மாட்டினார். காலை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. சில நாள் ஒரு கொக்கியில்கூட நூல் விழாது. முடிகிற நாளில் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன், கூப்பிடவில்லை. நானே போனேன். எல்லாக் கம்பியும் ஓடியிருந்தது. கடைசி இரண்டு கம்பங்களுக்கு நடுவே மட்டும் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கை நன்றாகத்தான் இருந்தது, காபி டம்ளரைச் சிந்தாமல் பிடித்திருந்தார். "ஏண்ணே, இது ஒண்ணுதானே?" என்றேன்.

"மாட்டிரலாம் தம்பி. மாட்டிட்டு நாளைக்குக் காலையில எதுக்கு எந்திரிக்க?" என்றார்.

படியிறங்கியபோது சாந்தி அக்கா வாசல் வரை வந்து, மாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்து ரூமையும் ஒழிச்சுத் தாரேன் தம்பி, அங்கிட்டும் லைன் போகட்டும். ஆனா போஸ்ட்டை மொத்தமா கொண்டாந்துறாதீங்க, ஒண்ணொண்ணா கொண்டாங்க."

சரக்கு சீக்கிரம் வேண்டும் என்று நச்சரிக்கும் வாடிக்கையாளர்களை மட்டுமே பார்த்துப் பழகிய சக ஜீவன்களே, வேலை முடிந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கம்பம் செய்ய உட்காருகிற ஒரே மடையன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.