செருமலும் பேரும்

செங்கோட்டையன் மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவான். கல்யாணமான புதிதில் சளி பிடித்திருக்கிறதென்று நினைத்து உஷாராணி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். போகப்போகத்தான் தெரிந்தது, இனிமேல் அதுதான் தன் பேர் என்று. சின்னதாகச் செருமினால் தண்ணீர் வேண்டும். நீட்டிச் செருமினால் துண்டையோ செருப்பையோ காணோம். அவசரமென்றால் "இந்தா" என்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பா சோளக்காட்டின் அந்தக் கோடியிலிருந்து அவள் பேரை இழுத்துக் கூப்பிடுவார். இப்போது அக்கம்பக்கத்தில் அவள் கிருத்திகா அம்மா. உஷாராணி என்கிற பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு தடவையாவது புருசன் வாயில் அது வராதா என்று அவளுக்கு ஆசை. கேட்பதற்குத்தான் வாய் வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். ஊருக்கு வெளியே கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறாள்.

செங்கோட்டையன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டியோடு கிளம்பி, வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டு மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவான். ஒரு வருசம் வண்டி சேற்றில் மாட்டி வேலை நின்றபோது, அவனுக்கு அனிமே பித்துப் பிடித்தது. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற தொடர்கள். அதிலும் சண்டைக் கதை ஆகாது, காதல் கதைதான் வேண்டும். முடிந்துபோன தொடரை மொத்தமாகப் பார்ப்பதும் பிடிக்காது. இப்போது ஓடிக்கொண்டிருப்பதை வாராவாரம் காத்திருந்து பார்க்க வேண்டும். கீழே வரும் இங்கிலீஷை நிறுத்தி நிறுத்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குப் போன் போட்டுக் கதை முழுவதையும் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமையும் கோழி முட்டையிடும். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முட்டைகளை அட்டையில் அடுக்கியபடியே கேட்பாள். போன வருசத்துத் தொடரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். பக்கத்து இருக்கையில் சிஹாரு என்று ஒரு பெண். ஒரு வாரம் முழுக்க அவன் அவளிடம் குடையை நீட்டலாமா வேண்டாமா என்று யோசித்தான். கடைசியில் மழை நின்றுவிட்டது. அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்று செங்கோட்டையன் தவித்துப்போனான். இங்கே கிருத்திகாவுக்கும் காய்ச்சல். அதை உஷாராணி சொல்ல வாயெடுத்தபோது, "செரி, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருமக்கூட இல்லாமல் நேராக விசயத்துக்கு வந்தான்.

"அவன் கூப்பிட்டுட்டான் புள்ள."

"எங்கீங்க?"

"எங்கயுமில்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டான்."

அவனே விளக்கினான். அந்த ஊரில் ஒருவரையொருவர் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். சொந்தப் பேரைச் சொல்லிவிட்டால் மனசையே திறந்து காட்டிய மாதிரியாம். பத்து வாரமாக அந்தப் பெண் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாளாம். சொல்லும்போது நிறுத்தி நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். சிஹாரு, சிஹாரு என்று அந்தப் பேர் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

உஷாராணி முட்டை அட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எம்பேரு என்னங்க?"

அந்தப் பக்கம் செருமல் கேட்டது.

"இதென்ன கேள்வி? பக்கத்துல ஆளுக இருக்கறாங்க."

"அந்தப் பையனச் சுத்தி ஒரு வகுப்பே இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அவனுக்கே பத்து வாரம் ஆச்சு."

"உங்களுக்கு எத்தன வருசம் வேணுமுங்க?"

அவன் ஆட்களைவிட்டுத் தள்ளி நடப்பது கேட்டது. பிறகு, "நீ எம்பேரச் சொல்லுவியா?" என்றான்.

சொல்லமாட்டாள்தான். ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். ஆனாலும் அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் அதுக்காகச் சப்பான்காரனப் பாத்து அழுவலீங்களே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் முதலில் வைத்தது அதுவே முதல் தடவை. கூட வேலை செய்யும் காளியாத்தாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், "ராங் நம்பரா சாமி?" என்றாள்.

"ஆமாங்கக்கா. எங்க ஊட்டுக்காரருதான்."

அதற்குப் பிறகு சில வாரம் கதை வரவில்லை. ஐப்பசி மழையில் அவனே வந்தான். தீபாவளி முடிந்து மூன்று பேரும் மலைக் கோயிலுக்குப் போனார்கள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் யார் பேருக்கு என்று கேட்டார். எந்த வருசமும் "சாமி பேருக்கே பண்ணீருங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற மனுசன், இந்தத் தடவை தொண்டையைச் செருமினான்.

"உஷாராணி."

மணிச் சத்தத்தில் குருக்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். அவன் ரிக் வண்டி பக்கத்தில் நின்று கத்துகிற குரலில் பேரைச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். உஷாராணிக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நட்சத்திரம்?"

செங்கோட்டையன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், மேற்கூரையையும் பார்த்தான். "சித்திரைங்க" என்று உஷாராணியே சொல்லவேண்டியதாயிற்று.

படியிறங்கும்போது, பெரிய மலையைப் புரட்டிய களைப்போடு, "கேட்டுச்சா?" என்றான்.

"ஐயருகிட்டத்தான சொன்னீங்க. என்னையவா கூப்பிட்டீங்க?"

அவன் கிருத்திகாவுக்குப் பொரி வாங்கப் போய்விட்டான். உஷாராணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அவன் மறுபடியும் வடக்கே இருக்கிறான். அவன் போனில் அவள் நம்பர் 'ஊடு' என்றே இருக்கிறது. அவள் போனில் அவன் 'கிருத்திகா அப்பா'. இந்த மாதம் புதிதாக ஒரு தொடர் தொடங்கியிருக்கிறது; எதிரெதிர் வீட்டில் இருக்கிற இரண்டு பேர், இன்னும் பேசிக்கொள்ளவே ஆரம்பிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கிறது. அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறாள். அவன் செருமுகிறான்.