இலியாஸின் காலுக்காகக் கேட்ட செபம்

நம்ம அன்பியத்துச் சகோதர சகோதரிகளே, நான் ஓட்டின பாலத்தோட சக்கரம் ஒரு மனுஷனோட காலு மேல ஏறிடுச்சு. ஆண்டவர் எனக்குச் செஞ்ச நன்மையச் சொல்ல வந்தேன். ஆனா இதத்தான் முதல்ல சொல்லணும். இத மறைச்சுட்டு மத்ததச் சொன்னா அது சாட்சி ஆகாது.

என் பேரு ரெஜினா. மந்தைவெளியில குடியிருக்கேன். விமான நிலையத்துல ஏரோபிரிட்ஜ் ஆபரேட்டரா இருக்கேன். ஃபிளைட் ஏறும்போது கட்டடத்துல இருந்து நேரா விமானத்தோட கதவு வரைக்கும் ஒரு மூடின நடைபாதை போகும் இல்லையா, அதுதான் ஏரோபிரிட்ஜ். அது ஆடாம அசையாம நிக்கிற பாலம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதுக்குக் கீழ பெரிய பெரிய சக்கரம் இருக்கு. நுனியில இருக்கிற கேபின்ல நின்னு நாங்க அத ஓட்டுவோம். மேல நின்னா சக்கரம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுலதான் பாக்கணும். கேமராவுல தெரியலைன்னா கீழ ஒருத்தர் நின்னு கை காட்டினாத்தான் நகர்த்தணும். எங்களுக்குப் பயிற்சியில தலையில அடிச்ச மாதிரி சொல்லிக் கொடுத்த விஷயம் இது.

போன வருஷம் நவம்பர் மாசம், நல்ல மழை. மறுநாள் கிறிஸ்து அரசர் திருநாள், என் பொண்ணு முதல் தடவையா நற்கருணை வாங்கற புதுநன்மை. பெத்தவங்களும் முந்தின நாள் சாயங்காலமே வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்கன்னு ஃபாதர் சொல்லியிருந்தாரு. அன்னைக்குன்னு பாத்து ஃபிளைட் லேட். ஆளுங்க எல்லாம் ஏறி, கதவு சாத்தியாச்சு. பாலத்தப் பின்னால இழுத்தா என் வேலை முடிஞ்சுது.

கேமராவப் பாத்தேன். கண்ணாடி முழுக்க மழைத்தண்ணி. திரையில ஒண்ணுமே தெரியல. வாக்கி டாக்கியில கீழ ஆள் கேட்டிருக்கணும். கேட்டா, ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும். அதுக்குள்ள கோயில் நேரம் போயிடுமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. இந்த மழையில கீழ யார் இருக்கப் போறாங்கன்னு இழுத்துட்டேன்.

பாவத்தைச் சொல்லப் போற அவசரத்துலதான் அந்தப் பாவத்தைச் செஞ்சேன்.

கீழ ஒரு அலறல். சிவப்பு பட்டனை அடிச்சு நிறுத்திட்டு, படியில விழுந்தடிச்சு ஓடினேன். இலியாஸ் கிடந்தாரு. ராயப்பேட்டைக்காரரு. விமானத்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வேலை அவருக்கு. வாய் நிறைய ரெஜினாக்கான்னு கூப்பிடுவாரு. பாலத்துச் சக்கரத்துகிட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்து வந்து விழுந்திருக்கு. அது விமானத்து இன்ஜினுக்குள்ள போயிட்டா பெரிய ஆபத்து. கேமராவுல அக்கா பாப்பாங்கன்னு கையத் தூக்கிக் காட்டிட்டு, பாலத்தைச் சுத்தி யாரும் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்குள்ள போயிருக்காரு. பாலம் நகர்ந்தா மணி அடிக்கும். பக்கத்து விமானத்து இரைச்சல்ல அவருக்கு அது கேக்கல.

அப்போ நான் பண்ணின முதல் செபம் என்ன தெரியுமா? 'ஆண்டவரே, இவரக் காப்பாத்து'ன்னு இல்ல. 'ஆண்டவரே, என் மேல பழி வராம பாத்துக்கோ.' அவரு ரத்தத்துல கிடக்காரு, நான் பக்கத்துல நின்னுகிட்டு இதக் கேக்கறேன். இத எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுது.

அந்த செபம் உடனே பலிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கும்போது இலியாஸே மேனேஜர்கிட்ட, "நான்தான் சார் கோட்டுக்குள்ள போயிட்டேன்"னு சொல்லிட்டாரு. மேனேஜர் என்கிட்ட வந்து, "பயப்படாதம்மா, உன் மேல ஒண்ணும் வராது, அவனே ஒத்துக்கினான்"ன்னாரு.

கேட்டது கிடைச்சுடுச்சு.

அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. கோயிலுக்குப் போக வேண்டியவ அங்க ஓடினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இலியாஸோட சம்சாரம் ஷமீம் உக்காந்திருந்தாங்க. கையில நம்ம செபமாலை மாதிரி தஸ்பீஹ் மணி. பாதத்துக்கு ரத்தம் ஓடல, நாளைக்குள்ள ஓடலைன்னா கணுக்கால் வரைக்கும் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அத அவங்களே எனக்குச் சொன்னாங்க.

"நீங்க அவரு கூட வேலை செய்யறவங்களா அக்கா? இப்படி நனைஞ்சுபோய் வந்திருக்கீங்களே"ன்னு தன் கையில இருந்த டீயை என்கிட்ட நீட்டினாங்க. "உங்க கோயில்லயும் அவருக்காக துஆ கேளுங்கக்கா"ன்னாங்க.

அந்த டீயை என்னால வாங்க முடியல.

"பாலத்த ஓட்டினது நான்தாம்மா. கேமராவுல ஒண்ணும் தெரியல. தெரியாமலே இழுத்துட்டேன்"னு சொன்னேன்.

ஷமீம் என்னையே பாத்தாங்க. கத்தல, திட்டல. "ஏன் பாக்கல?"ன்னு ஒரே ஒரு கேள்விதான். நீட்டின டீயைக் கீழ வெச்சுட்டு, "போங்க"ன்னாங்க.

ஆட்டோ பிடிச்சுக் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் கிளம்பற நேரம். நான் அழுததப் பாத்துட்டு திரும்பி உக்காந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். "ஆண்டவர் மன்னிப்பாரும்மா. ஆனா இத என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. இலியாஸ் மேல தப்புன்னு முடிவாயிட்டா அவர மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டாங்க. கால் போன மனுஷனுக்கு வேலையும் போயிடும்.

பீடத்துக்கு முன்னால முட்டி போட்டேன். இந்த முறை எனக்குன்னு ஒண்ணுதான் கேட்டேன். "அவருக்குக் காலைக் குடு ஆண்டவரே. எனக்கு உண்மையச் சொல்ற வாயைக் குடு."

மறுநாள் காலையில பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டுட்டு மேனேஜருக்கு போன் போட்டேன். "இன்னாம்மா, உனக்குப் பைத்தியமா? முடிஞ்சு போன விஷயத்த ஏன் கிளப்பற?"ன்னாரு. "முடியல சார். கேமரா தெரியாம நான்தான் நகர்த்தினேன். அப்படியே எழுதிக்கோங்க"ன்னேன். என் வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு கேட்டுகிட்டே இருந்தாரு. என் தோள்ல கைய வெச்சாரு.

பூசை நடக்கும்போது வெள்ளை கவுன்ல என் பொண்ணு நன்மை வாங்கினத கண்ணீர் மறைக்க மறைக்கத்தான் பாத்தேன். மத்தியானம் மேனேஜரே கூப்பிட்டாரு. பாதத்துல ரத்தம் ஓட ஆரம்பிச்சுடுச்சாம். கால எடுக்க வேண்டியதில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். புதுநன்மை விருந்துக்குப் பந்தி போட்டிருந்த இடத்துலயே தரையில உக்காந்து அழுதேன்.

கால்ல ரெண்டு விரல் போயிடுச்சு. அத நான் மறைக்க மாட்டேன். இப்போ இலியாஸ் தாங்கித் தாங்கித்தான் நடக்கறாரு. வேலையில நடந்த விபத்துன்னு ஏத்துக்கிட்டு, ஆபீஸ்ல உக்காந்து பாக்கிற வேலை குடுத்திருக்காங்க. என்னைக் கொஞ்ச நாள் பாலத்துகிட்டயே விடல. மறுபடி பயிற்சி எடுத்துத்தான் சேர்ந்தேன். இப்போ கீழ ஒரு ஆள் நின்னு கை காட்டாம நான் ஒரு அடிகூட நகர்த்தறதில்ல. ஃபிளைட் லேட்டானா ஆகட்டும், யாரு திட்டினாலும் திட்டட்டும்.

இலியாஸை அவரு வீட்டுல பாக்கப் போனப்ப, "வுடுக்கா, நானும்தான் கோட்டைத் தாண்டினேன்"ன்னு சிரிச்சாரு. ஷமீம் சிரிக்கல. என்னை வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டாங்க. "உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வரலக்கா. ஆனா நீங்க சொல்லலைன்னா அவரு வேலையும் போயிருக்கும். அதுக்காக உங்க பேரையும் துஆவுல சொல்றேன்"னாங்க. அவங்க கேட்ட துஆவும் நான் கேட்ட செபமும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சுன்னு நான் நம்பறேன்.

ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். தலைய நிமித்திச் சொல்ல முடியல, குனிஞ்சுகிட்டே சொல்றேன். தப்பு பண்ணின நாம எந்த முகத்தோட போய் செபம் பண்றதுன்னு உங்கள்ல யாராவது ஒதுங்கி இருந்தா, தயவுசெஞ்சு ஒதுங்காதீங்க. அந்த முகத்தோடயே போங்க. என்னை அவரு துரத்தல. உங்களையும் துரத்த மாட்டாரு.