பெயர் அழிந்த எட்டு ஜாடிகள்

கடல் ஆராய்ச்சி படிக்க வந்தவளுக்குக் கடலே ஒத்துக்கொள்ளாது என்றால் சிரிப்பு வருமா வராதா? நாங்கள் சிரித்தோம். கடலோர ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளில் அவளுக்குத்தான் முதல் வாரமே பட்டப்பெயர் விழுந்தது: எலுமிச்சை. படகில் கால் வைத்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொள்வாள். அவள் அப்பா பஸ் டிரைவர். "அவர் ஓட்டுற பஸ்லயே எனக்கு வாந்தி வரும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவள் எடுத்துக்கொண்ட கேள்வியோ, படகில்லாமல் நடக்காத கேள்வி. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஊசிமுனை அளவு நண்டுக் குஞ்சுகள் எப்போது அதிகம்? கடல்நீர் உள்ளே ஏறும் ஏற்றத்திலா, வெளியே வடியும் வற்றத்திலா? இரண்டு நேரமும் வலை இழுத்து, சிக்கியதை ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிகளில் போட்டு, பிறகு மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். அவள் வாந்தி எடுப்பாள், வாய் கொப்பளிப்பாள், வலையை இழுப்பாள். "திரும்பிடலாமாம்மா?" என்று படகோட்டி கேட்டால், "இன்னும் ரெண்டு இழுப்பு இருக்குண்ணே" என்பாள். கூடப் போகும் எனக்குத்தான் எரிச்சலாக வரும். நான் அவள் அறைத்தோழி.

எட்டு வாரமும் அவள் இப்படிக் குடலைப் பிடுங்கிக் கொட்டியதற்குக் காரணம் உண்டு. கடைசி நாள் உரையில் தேறுகிற ஒருவருக்கு மட்டும், படிப்பு முடிந்ததும் அதே நிலையத்தில் ஒரு வருட ஆராய்ச்சி இடம். அது அவளுக்கு வேண்டும். மறைக்காமல் எல்லோரிடமும் சொல்வாள்.

கடைசிப் படகு நாளில் அலை பொல்லாததாக இருந்தது. அவளால் தலையைத் தூக்கவே முடியவில்லை. வலை மட்டும் எப்படியோ இழுத்தாள், ஜாடிகளில் விவரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கெட்டித் தாள் துண்டில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போட வேண்டும். மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பென்சில் முனை உடைந்தது. பையில் மார்க்கர் பேனா இருந்தது. எட்டு ஜாடியின் வெளிப்பக்கமும் முத்து முத்தாக எழுதினேன். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவளாயிற்றே! வரும் வழியில் பெட்டி சரிந்து, ஒரு மூடி கசிந்து, ஸ்பிரிட் எல்லா ஜாடியையும் நனைத்தது. ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால் எட்டும் பளிச்சென்று துடைத்துவைத்த கண்ணாடி.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உட்கார்ந்து எட்டையும் எண்ணினாள். நான்கில் குஞ்சுகள் மொய்த்தன, நான்கில் அங்கொன்றும் இங்கொன்றும்.

"மொய்க்கறது நாலும் ஏத்தம்னு போட்டுடுடி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"அப்படிப் போட்டா, நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொன்ன மாதிரி. அப்புறம் நண்டு எதுக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்ன எனக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது.

உரை நாளில் அவள் வரைபடத்தின் கடைசிப் பகுதி வெறுமையாக இருந்தது. "இந்த எட்டு ஜாடி எந்த நேரத்துதுன்னு எனக்குத் தெரியாது. மீதியில ரெண்டு நேரமும் ஏறக்குறைய சமமா இருக்கு, அதை வெச்சு எதுவும் சொல்ல முடியல" என்றாள். நிலையத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "விவரம் எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"என் ஜாடி மேடம். நான்தான் சரிபார்த்திருக்கணும்."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "எழுதினது நான் மேடம்."

அந்த ஒரு வருட இடம், பாசி ஆராய்ச்சி செய்த பையனுக்குப் போனது. அவன் வரைபடத்தில் ஓட்டை இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள். வாசலில் நின்று நானும் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தவள் நேராகத் தலைவியின் அறைக்குப் போனாள். பயிற்சிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு?

"ரெண்டு நாள் படகு வேணும் மேடம். எனக்குப் பதில் தெரியணும்."

மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் படகில் இருந்தோம். இந்த முறை என் சட்டைப்பையில் நான்கு பென்சில். அவள் வழக்கம்போல வாந்தி எடுத்தாள், வழக்கம்போல இழுத்தாள். எண்ணிப் பார்த்தால் இரண்டு நாளும் குஞ்சுகள் மொய்த்தது வற்றத்தில்! நான் சொன்னபடி எழுதியிருந்தால் அவள் பெயரில் ஒரு பொய் நின்றிருக்கும். அவளோ, "ரெண்டு நாள் போதாதுடி, ஒரு மாசம் எடுத்தாத்தான் நிச்சயமா சொல்லலாம்" என்றாள்.

இப்போது அவள் துறைமுகத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். வாரம் இரண்டு முறை படகு. பழமும் கூடவே போகிறது.

போன வருடம் ஒரு வேலையாக அந்த நிலையத்துக்குப் போனேன். மாதிரிகள் வைக்கும் அறையில், கீழ்த் தட்டில் அந்த எட்டு ஜாடிகளும் இருந்தன. ஊருக்குக் கிளம்பும்போது, இனி எதற்கு என்று நான் கொட்டச் சொன்னவைதான். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தாள் துண்டு, அவளுடைய கோணல் எழுத்தில், பென்சிலால்: "ஏற்றமா வற்றமா, தெரியாது."

ஓர் எழுத்துகூட அழியவில்லை.