டிங்கர் வீட்டு ஹாரன்

அந்தப் பூனைக்குட்டியின் சத்தத்தைப் பற்றி வீட்டில் அதிகம் புலம்பியவர் டிங்கர்தான். அடிபட்டு நசுங்கி வரும் கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் தொழிலைச் சொல்லியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, தொழிலே பெயராகிவிட்டது. மனைவி வீட்டிலேயே திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். மகள் மருந்துக் கடையில் பில் போடுகிறாள். மூவருக்கும் ஒரு வாடகை மாடி. காலையில் டிங்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவார். "ராத்திரி முழுக்க ஒரே கத்தல். காது ஜவ்வு கிழிஞ்சிடும்போல இருக்கு" என்பார். சொல்லிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் குட்டி கத்தி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தகட்டையும் சுத்தியலையும் காதோரம் வைத்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவருக்கு வேறு என்ன மிஞ்சும்? முதலில் போனவை மெல்லிய சத்தங்கள். செல்போன் மணி போயிற்று, கதவு மணி போயிற்று, பிறகு மகளின் பேச்சில் பாதி போயிற்று. மனிதர் அசரவில்லை. போனில் யாராவது கூப்பிட்டால் சிக்னல் சரியில்லை என்று மகளிடம் தள்ளிவிடுவார். டிவி பார்ப்பதெல்லாம் வேலையில்லாதவன் வேலை என்று எழுந்து போய்விடுவார். பேசுகிறவரின் வாய் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார். அதையும் மீறி ஏதாவது பிடிபடாமல் போனால் இருக்கவே இருக்கிறது, "பார்க்கலாம்". குழாய் ஒழுகுகிறது என்றாலும், தைக்கக் கொடுத்தவர்கள் வரவில்லை என்றாலும் அது பொருந்திவிடும். ஒர்க்‌ஷாப்பில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். அவருக்கு அதுதான் சொர்க்கம்.

டாக்டரிடம் போனால் என்ன என்று நமக்குத் தோன்றும். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவரும் இதே தொழில். அண்ணனுக்குக் காது போனபோது வீட்டில் முதலில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். மிஷின் வாங்கி மாட்டினார்கள். அது பேச்சை விட்டுவிட்டு இரைச்சலைப் பெரிதாக்கியது. பிறகு சொல் சொல்லாகப் பிரித்துக் கத்தினார்கள். கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனதும் கை ஜாடைக்கு வந்தார்கள். கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாள் அண்ணனின் மூத்த மகன், அவரை வைத்துக்கொண்டே, "அவர்கிட்ட சொல்றதும் ஒண்ணு, செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு" என்றான். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அண்ணனும் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த டிங்கர் சிரிக்கவில்லை. நம் வீட்டில் நாம் இப்படி நாற்காலி மேஜை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான். காது போனது போனதாகவே இருக்கட்டும், போனது யாருக்கும் தெரியக் கூடாது.

குட்டியைக் கொண்டுவந்தவரும் அவரேதான். பின்பக்கம் நசுங்கிய ஒரு காரை ஒரு மதியம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார். பெயின்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டிக்கிக்குள் குனிந்து, சக்கரம் வைக்கும் குழியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குட்டியை எடுத்தார். "தெருமுனை வரைக்கும் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையாண்ணே?" என்றார். டிங்கர் சிரித்துச் சமாளித்தார். பிறகுதான் உறைத்தது. நமக்கு ஒரு கை தள்ளி ஒரு உயிர் உயிருக்குக் கதறியிருக்கிறது, நாம் அதன் தலைமேலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தக் குற்ற உணர்ச்சியில் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காரிலிருந்து வந்ததாலும் ஓயாமல் அலறியதாலும் மகள் அதற்கு ஹாரன் என்று பெயர் வைத்தாள்.

ஹாரன் வீட்டை இரண்டாக்கியது. பசித்தால் கத்தும், வயிறு நிறைந்தால் அதைவிடக் கத்தும். மகள் கைக்குழந்தைப் புட்டியில் பால் கொடுத்துப் பார்த்தாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். தாயின் நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டிக் டிக் என்னும் பழைய கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்தாள். குட்டி கடிகாரத்தைப் பார்த்தும் கத்தியது. மனைவி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தைத்தாள். இரண்டு பேருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது.

டிங்கர் மட்டும் கல்லாகத் தூங்கினார். அங்கேதான் வம்பு. "அப்பா எப்படித்தான் தூங்கறாரோ" என்று மகள் ஒரு காலையில் சொன்னதை அவர் உதட்டில் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து முந்திக்கொண்டார். திருடனைத் துரத்தும் கூட்டத்தில் திருடனே முன்னால் ஓடுவான் என்பார்களே, அந்தக் கதைதான். குட்டியின் வாய் திறந்தால் முகத்தைச் சுளிப்பார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டால், "ஆரம்பிச்சிடுச்சா" என்பார். ஒரு தடவையும் தப்பவில்லை.

இத்தனை நடிப்புக்கு நடுவே அவருக்கு அந்தக் குட்டி பிடித்துப்போய்விட்டது. சாயங்காலம் குளித்துவிட்டு வெறுந்தரையில் மல்லாந்து படுப்பார். அவர் விரட்ட மாட்டார் என்பது அதற்குத் தெரியும். நெஞ்சின்மேல் ஏறி, முகத்துக்கு நேராக வாயைத் திறக்கும். அது கத்துவது விலா எலும்பில் கிறுகிறுவென்று தெரியும். யார் என்ன சொன்னார்கள் என்று தேடவேண்டியதில்லை, முகத்தைப் படிக்கவேண்டியதில்லை. அந்த வீட்டில் நழுவாமல் அவருக்கு வந்து சேர்ந்த பேச்சு அது ஒன்றுதான். சிரிப்பும் துக்கமும் ஒன்றாக வரும். யாராவது கூடத்துக்குள் வந்தால் உடனே, "சனியனே, எறங்கு" என்பார்.

கீழ்வீட்டில் இருந்த ஓனர் ஒரு நாள் மேலே வந்தார். தன் மாமியாருக்கு நெஞ்சு நோவு என்றும், இந்தச் சத்தம் நிற்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்றும் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரவில் குட்டியை ஸ்டோர் ரூமில் கூடையோடு விட்டுக் கதவைச் சாத்தினார்கள். டிங்கருக்கு இது புதுச் சிக்கல். கதவு சாத்திவிட்டால் வாயைப் பார்க்க வழியில்லை. ஆனாலும் அது கத்தாத இரவு என்று ஒன்று இல்லாததால், காலையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரியாகத்தான் இருந்தது.

மகள் கடைசியாக அவரிடம் வந்தாள். நேர் எதிரே உட்கார்ந்து பேசினாள், ஒரு சொல் விடாமல் பிடிபட்டது.

"கீழ்வீட்டுக்காரரை நான் சமாளிச்சுக்கறேன்பா. வளர்ந்தா சத்தம் தானா குறையும்னு கால்நடை டாக்டர் சொல்றார். ஆனா நீங்கதான் தூங்க முடியாம ரொம்பக் கஷ்டப்படறீங்க. நீங்க பரவாயில்லைன்னு சொன்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா எங்க கடை அக்கா வீட்டுக்குக் கொடுத்துடறேன்."

பரவாயில்லை என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விடிந்து எழுந்தால் இதே புலம்பலாக இருந்துவிட்டு, இப்போது திடீரென்று எனக்குத் தொந்தரவே இல்லை என்றால் இவள் என்ன நினைப்பாள்? இவள் புத்திசாலி. ஒரு நூல் கிடைத்தால் போதும், இழுத்துவிடுவாள். அண்ணன் சிரித்த சிரிப்பு கண்முன் வந்தது.

"கொடுத்துடும்மா. என்னால முடியல" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இங்கே இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். யாரும் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை.

மறுநாள் ஒரு கார் அவசரமாகப் போகவேண்டியிருந்ததால் ஒர்க்‌ஷாப்பில் நேரமாகிவிட்டது. அவர் வருவதற்குள் கடை அக்கா வந்து குட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் சாப்பிடும்போது மனைவி மிஷினில் குனிந்து சீருடை தைத்தபடி அதைச் சொன்னாள். போகும்போது குட்டி வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே போனது, உங்க பொண்ணு அழுதுட்டா, இப்ப சீக்கிரமே படுத்துட்டா என்றெல்லாம் சொன்னாள். டிங்கர் தட்டைப் பார்த்துக்கொண்டு "ம்ம்" என்றார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. படுக்கப் போகையில் ஸ்டோர் ரூம் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது.

காலையில் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். மகள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். டிங்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"நேத்து மாதிரி என்னைக்கும் இல்லை. ஸ்டோர் ரூம்ல ஒரே அலறல். பொட்டுத் தூக்கம் இல்லை எனக்கு."

வழக்கம்போல முகங்களைப் பார்த்தார். சீப்பு மகளின் தலையில் பாதியிலேயே நின்றிருந்தது. மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். எங்கே தப்பியது என்று அவருக்குப் புரியவில்லை. "கேக்கலையா உங்களுக்கு?" என்று குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

மகள் எழுந்து போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து வைத்தாள். தரை கழுவித் துடைக்கப்பட்டு, காய்ந்து கிடந்தது. கூடை இல்லை, கடிகாரம் இல்லை. டிங்கர் அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். குட்டியும் போயிற்று, எதற்காக அதை அனுப்பினாரோ அதுவும் போயிற்று.

திரும்பியபோது மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மகளும் ஏதோ சொன்னாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் நடுவில் நின்றபடி ஒரு வாயையும் இன்னொரு வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு மகள் அவர் அருகில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. அவர் தோளைத் தொட்டு, வாயை அகலமாகத் திறந்து, சொல் சொல்லாகப் பிரித்துக் கத்தினாள்.

"அப்பா. டீ. குடிக்கறீங்களா?"

அத்தனையும் அவருக்கு நன்றாகக் கேட்டது.