இருபது நிமிடம் நிறுத்தக் கூடாது

எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு கேமரா இருக்கிறது. கேட்டைப் பார்த்து இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது என் கணவர் மாட்டிவிட்டுப் போனவை. அவர் குவைத்தில் உட்கார்ந்து, தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டைக் கைப்பேசியில் பார்ப்பார். பேசவும் செய்வார். துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலிருந்து, "ஏட்டி, கேட்டு என்னத்துக்கு தொறந்து கெடக்கு?" என்று குரல் வரும். முதல் தடவை கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. திருட்டுப் பயத்துக்காகத்தான் கேமரா என்பார். ஆனால் நான் எப்போது வெளியே போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன், என்ன சேலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை, ஆட்டோ இருக்கும்போது இது எதற்கு என்று அந்த லீவிலேயே விற்றார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியாரும்தான்.

பின்பக்கம் விறகுப்புரையில் அவருடைய பழைய பைக் ஒன்று தார்ப்பாய் மூடி நின்றது. முந்நூற்றைம்பது சிசி. ஆயில் இல்லாமல் ஓட்டி, எஞ்சின் இறுகி நின்றுபோனது. நான் கல்யாணத்துக்கு முன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கியர் வண்டிக்கு லைசென்ஸும் அப்போதே எடுத்தேன். படித்ததை வைத்து ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

ஒரு மழைநாளில் விறகெடுக்கப் போனவள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். இந்த இடத்துக்குக் கேமரா எட்டாது என்று அப்போதுதான் உறைத்தது.

டேங்கைக் கழற்றினேன். மறுநாள் சைலன்சர். அடுத்த நாள் சிலிண்டருக்கு மூடியான ஹெட். பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டினேன். எட்டாவது நாள் மயிரிழை அசைந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. சிலிண்டர் சுவரில்தான் ஆழமாகக் கீறல்கள்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட வேண்டும். லேத் பட்டறை மாவு மில்லுக்கு அடுத்த கட்டடம். வார்ப்பிரும்புச் சிலிண்டரைத் துணியில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டு, மேலே இரண்டு படி அரிசியைப் பரப்பி, கேமராவுக்கு முன்னால் நடந்தேன். பை தோளை இழுத்தது. கனம் தெரியாத மாதிரி நடப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

அந்த மாதத்தில் நாலைந்து தடவை மில்லுக்குப் போனேன். ஒரு நாள் மாமியார் விறகுப்புரை வாசலில் வந்து நின்றார். என் முழங்கைவரை கிரீஸ்.

"இதுதானா ஒனக்க மாவு?" என்றார்.

நான் கையைக் கந்தல் துணியில் துடைத்தேன்.

"அவன் கேட்டான்னா நான் பொய் சொல்ல மாட்டேன், கேட்டியா."

"சரி மாமி."

"அவன் இதுவரைக்கும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ரேஸ் ஓட்டுகிற பையன்கள் அவரிடம்தான் வண்டி கொண்டு வருவார்கள். கடைந்த சிலிண்டரை வாங்கப் போன அன்று, பழைய கேம்ஷாஃப்ட் இரண்டையும் காட்டினேன். அதில் முட்டை மாதிரிப் புடைத்திருக்கும் பகுதிதான், எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வைத் தூக்கித் திறப்பது. எவ்வளவு உயரம் திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதெல்லாம் அந்தப் புடைப்பின் கையில். என்னுடையதில் அதன் முனை தேய்ந்து தட்டையாகியிருந்தது.

அவர் புதுக் கேம் இரண்டு ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார். "அக்கா, இது கூட நேரம் தொறந்து வைக்கும். மேல போவப் போவப் பறக்கும். ஆனா நிறுத்தி நிறுத்தி ஓட்டினா சொணங்கும், டவுனுக்குள்ள ஆஃப் ஆவும். மத்தது கம்பெனி கேமவிடக் கொஞ்சம் ஏத்தம், அவ்வளவுதான். அடியிலயிருந்தே இழுக்கும். நீங்க எங்க ஓட்டப் போறிய?"

 எஞ்சினைப் பற்றி அவர் என்ன கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எங்கே போகப் போகிறேன் என்று நான் யோசித்ததே இல்லை. கடைசியாக எனக்கென்று எங்கே போனேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அங்கேயே கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்த மாதிரி சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

நாலு நாள் யோசித்தேன். பறக்கிறதுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. ஆனால் எங்கள் சந்திலிருந்து ஏறினால் திருவனந்தபுரம் ரோடு. பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, நகர்ந்து, மறுபடி நின்றுதான் நாகர்கோவில் போய்ச் சேர வேண்டும். பறக்கிற கேம் போட்டால் வண்டி நெரிசலில் நின்றுபோய், நாலு பேர் பார்க்க நான் உதைத்துக்கொண்டு நிற்கும் காட்சி கண்ணுக்குள் வந்தது. நின்ற இடத்திலிருந்து இழுப்பதையே வாங்கினேன்.

புதுக் கேம் வால்வைக் கூடுதலாகத் தூக்குவதால், வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். சப்பாத்தி மாவில் எண்ணெய் தடவி பிஸ்டன் தலையில் ஒட்டி, எல்லாவற்றையும் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முறை சுற்றிவிட்டுத் திறந்தேன். மாவில் வால்வு பதிந்த தடம் இருந்தது. வெட்டி அளந்தேன். போதுமான இடைவெளி. கேமைச் சுழற்றும் கியர்களில் உள்ள அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து மூடினேன்.

ஸ்டார்ட் செய்வதில்தான் சிக்கல். புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிடம் எஞ்சினை நிறுத்தவும் கூடாது, மெதுவாக ஓடவிடவும் கூடாது. ஆயில் மேலேறிப் படிவதற்குள் நிறுத்தினால் புடைப்பு தேய்ந்துவிடும். இருபது நிமிடம் அந்தச் சத்தத்தை எங்கே ஒளிப்பது? கேமராவுக்குக் காதும் உண்டே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் வேலையில் இருப்பார் என்று நம்பி உதைத்தேன். ஒன்பதாவது உதையில் பிடித்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. கைப்பிடியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு புரைச் சுவரில் கொண்டுவந்து மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறாவது நிமிடம் மாமியார் ஓடி வந்தார். "அவன் முன்னால நின்னு கத்துதான்!" என்றார். மகன் நேரில் வந்து நிற்பதைப் போலத்தான் சொன்னார். "நிறுத்துட்டி!"

"நிறுத்தினா கேம் போயிரும் மாமி. இன்னும் பதினாலு நிமிஷம்."

"நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளத சொல்லுங்க."

அவர் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கை மரத்துப்போனது. அந்தப் பதினாலு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. கணவர் சொன்னதற்காக இல்லை, என் பயத்தால். நிறுத்தவில்லை.

நேரம் முடிந்து முன்வாசலுக்குப் போனேன்.

"யாரு வந்து சரி பண்ணினா?" என்றது கேமரா.

"நான்தான்."

"எந்த ஆளு வந்தான்னு கேக்குதேன்."

அடுத்த மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. பதிவில் இருந்ததையெல்லாம் பின்னோக்கி ஓட்டி, வீட்டுக்கு வந்துபோன மெக்கானிக்கைத் தேடியிருக்கிறார். பால்காரரையும், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரையும், பை தூக்கிக்கொண்டு போகும் என்னையும் தவிர யாரும் இல்லை. நாலாவது நாள் போனில் கூப்பிட்டார். சரி பண்ணியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் வருவான், வண்டியைக் கொடுத்துவிடு என்றார்.

அன்றே, சனிக்கிழமை மத்தியானம், மாமியாருக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, வண்டியை கேட் வழியாகவே தள்ளிக்கொண்டு போனேன். தலைக்கு மேல் குரல் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குப் போனேன். புதிதாகக் கடைந்த எஞ்சின், ஐம்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. லாரியெல்லாம் என்னைத் தாண்டிப் போனது. ஆனால் நாகர்கோவில் நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கிளம்பிய ஒவ்வொரு தடவையும் வண்டி முக்காமல் திணறாமல் இழுத்தது. தலைக்கவசத்துக்குள் தனியாகச் சிரித்தேன். கோட்டைச் சுவர்மேல் கால் மணி நேரம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் இருக்க முடியவில்லை, மாமியார் தனியாக இருப்பார் என்று மனம் அரித்தது. திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்தான். சாவியைக் கொடுத்தேன்.

"ஐந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் விரட்டாத. அதுக்குப் பொறவு ஆயில் மாத்தி, வால்வு இடைவெளியும் பாத்துக்க" என்றேன்.

"யாரு சொன்னா அண்ணி, மெக்கானிக்கா?"

"ஆமா" என்றேன்.

சந்து முனையில் அவன் இரண்டாவது கியருக்கு மாற்றுவது கேட்டது. தேவைக்கு மேல் முறுக்கினான். பைய போ, பைய போ என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. சத்தம் மெயின் ரோட்டில் ஏறி, பஸ் இரைச்சலோடு கலந்துவிட்டது.