ஏசா பிளெட்சோவைச் சுட்ட லெமுவல் கிரப்

லெமுவல் கிரப் தம் வாழ்நாளில் சுட்டு வீழ்த்தியவை மொத்தம் இரண்டு முயல்கள். அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்தது. அப்படியிருந்தும் கான்சஸ் மாநிலத்தின் பெல் ஃபோர்க் ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. கொள்ளைக்கார பிளெட்சோ சகோதரர்களில் இளையவன் ஏசாவைச் சுட்டவர் என்று பெயர்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ரூபனும் ஏசாவும் வங்கியில் புகுந்த காலையில், கடைக்காரர்கள் எல்லாம் துப்பாக்கியோடு ஜன்னலுக்கு ஓடினார்கள். லெம் துப்பாக்கியைத் தெருவில் போட்டுவிட்டுப் பலகை நடைபாதைக்கு அடியில் புகுந்தார். அங்கே ஒரு பன்றி குட்டிகளோடு குடியிருந்தது. அதுகூட அவருக்கு மரியாதை தரவில்லை, முட்டித் தள்ளியது. சண்டை ஓய்ந்து வெளியே வந்தபோது தெருவில் ரூபனும், நடைபாதைப் பலகைமேல் ஏசாவும் செத்துக் கிடந்தார்கள். "ஏசாவை நீயாடா சுட்டே?" என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்றுதான் தலையாட்ட நினைத்தார். நடுக்கத்தில் தலை வேறு மாதிரி ஆடிவிட்டது.

அப்புறம் அந்தக் கதைக்குக் கை கால் முளைத்தது. முதல் வருடம் லெம் தூரத்திலிருந்து சுட்டார். ஐந்தாம் வருடம் நேருக்கு நேர் நின்று சுட்டார். பத்தாம் வருடம் ஏசா, "நல்லா சுட்டே லெம்" என்று பாராட்டிவிட்டுச் செத்தான். சுட்டவனே காவல் காக்கட்டும் என்று ஊரார் கல்லறைத் தோட்டத்தை அவரிடமே ஒப்படைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் ஞாபகார்த்தமாகக் கல்லறைக் கல்லைக் கொத்திப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். லெம் மூன்று தடவை கல்லை மாற்றி, பெயரையும் தாமே செதுக்கினார்.

மே மாதக் கடைசியில், செத்தவர்களை நினைத்து ஊரே பூவோடு கல்லறைத் தோட்டத்துக்கு வரும் நாள் அது. லெம் கூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கதையளந்தார். "நல்லா சுட்டே" கட்டம் வந்தபோது கறுப்பு உடுப்பில் ஒரு பெண்மணி முன்னால் வந்தார்.

"நான் வயோலா. ரூபன், ஏசா ரெண்டு பேருக்கும் அக்கா."

கூட்டம் விலகி வழி விட்டது.

"ஏசா கடைசியா என்ன சொன்னான்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நிஜத்தை மட்டும் சொல்லுங்கய்யா."

"அந்தப் பாராட்டைச் சொல்லுடா லெம்!" என்றார் கொல்லர் ஹாஃப்னர்.

ஒரே ஒரு வரிதான். சொல்லிவிட்டால் வேலையும் நிலைக்கும், மானமும் நிலைக்கும். ஆனால் லெமுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. வாழ்க்கையில் அது அவருக்கு முதல் தடவை.

"நான் சுடலம்மா. நடைபாதைக்கு அடியில பன்னியோட படுத்துக் கிடந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அடப்பாவி! அந்தப் பன்னிக்கில்ல பதக்கம் குடுத்திருக்கணும்!" என்றார் ஹாஃப்னர்.

"குடுக்கலாம்ப்பா. அத்தனை சத்தத்துலயும் அது குட்டிக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்துச்சு. நான் அழுதுக்கிட்டிருந்தேன்."

பிறகு வயோலா பக்கம் திரும்பினார். "ஏசா என் தலைக்கு மேலதான் விழுந்தான். பலகை இடுக்கு வழியா என்னைப் பாத்துட்டான். கையில துப்பாக்கி இருந்துச்சும்மா. நினைச்சிருந்தா சுட்டிருக்கலாம். 'வெளிய வராதே, இன்னும் சுட்டுக்கிட்டிருக்காங்க'ன்னான். அப்புறம் தண்ணி கேட்டான். குதிரைக்குத் தண்ணி வைக்கிற தொட்டி கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சு."

"குடுத்தீங்களா?"

"இல்லம்மா. யார் சொன்னாலும் கேக்காதவன் நான். அவன் வெளிய வராதேன்னு சொன்னதை மட்டும் கேட்டேன்."

வயோலா பூவைக் கல்லறைமேல் வைத்தார். நிமிராமலே கேட்டார்.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்?"

உடனே போய்விட்டான் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நாக்கு நுனியிலேயே இருந்தது.

"கால் மணி நேரம்மா," என்றார் லெம்.