சங்கு அக்காவின் ஐசி பெயர்

நாங்கள் வேலை செய்த தோட்டத்தில், வேலைக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே லயத்து வீடுகளைக் கூவி எழுப்பியதால் அவர் சங்கு அக்கா. வாயே திறக்காததால் நான் ஊமைச்சி. தோட்டத்தை விட்டு வந்து, இன்றும் பாக்கார் ஆராங் ஊரில் அடுத்தடுத்த வீடுதான்.

போன மாதம் அக்கா மயங்கி விழுந்து, ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னாலேயே ஓடினேன்.

"ஐசியில அவங்க பேரு என்ன பாட்டி?" என்று அடையாள அட்டைப் பெயரைக் கேட்டாள் ஆஸ்பத்திரி கவுண்டர் பெண். எனக்குத் தெரியவில்லை! வார்டு வாசலில் நின்று, "சங்கக்கா!" என்று கத்தினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "யாரு, ஊமச்சியா கத்துறது? இங்கதான்லா இருக்கேன்!"

தாதியிடம் விஷயத்தைச் சொன்னேன். எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அக்காவின் பெயர் பவளக்கொடியாம். இப்போதெல்லாம் பழகியவர்களிடம் ஐசி பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். கூப்பிடுவது மட்டும் பழைய பெயரில்தான்; அதற்குத்தான் அக்கா திரும்பிப் பார்க்கிறார்.